வெள்ளை மலையின் கல் வழிகள்

மத்தியதரைக் கடலின் படத்தை விரித்து வைத்துக்கொண்டு பார்த்தால், கிரீஸ் தேசத்துக்குத் தெற்கே, கதவின் குறுக்கே போட்ட தாழ்ப்பாளைப் போல் நீண்டு கிடக்கும் ஒரு தீவு கண்ணில் படும். அதுதான் கிரீட். கிழக்கு மேற்காகச் சுமார் 160 மைல் நீளம். அகலமோ மிகுந்த இடத்திலும் 40 மைலை எட்டாது. குறுகிய இடத்தில் 8 மைல்கூட இல்லை. இவ்வளவு சிறிய தீவுக்குள் 8,000 அடிக்கு மேற்பட்ட சிகரங்கள் எப்படித்தான் இடம் பிடித்துக்கொண்டனவோ! கப்பலிலிருந்து பார்க்கிறவனுக்குத் தீவில் மலை இருப்பதாகத் தோன்றாது; மலையே கடலில் மிதப்பதாகத் தோன்றும்.

தீவின் மேற்குப் பாகத்திலுள்ள மலைத்தொடருக்கு 'வெள்ளை மலைகள்' என்று பெயர். வசந்த காலத்தின் இறுதி வரையில் அவற்றின் உச்சியில் பனி கிடக்கும். பனி உருகிய பிறகும் வெண்மை போவதில்லை. சுண்ணாம்புப் பாறை வெயிலில் வெளுத்து வெளேரென்று நிற்கும். இந்த மலைகளின் தெற்குச் சரிவு லிபியக் கடலில் செங்குத்தாக இறங்குகிறது. அந்தச் சரிவும் அதன் கடற்கரையும் சேர்ந்த பிரதேசந்தான் ஸ்பாகியா.

வெனிஸ் நகரத்தார் 13-ஆம் நூற்றாண்டில் வந்து நானூறு வருஷங்களுக்கு மேல் இத்தீவை ஆண்டார்கள். பிறகு துருக்கியர் 1645-ல் படையெடுத்து, 1669-ல் தலைநகரையும் பிடித்தார்கள். 1913-ல்தான் கிரீட், கிரீஸ் தேசத்துடன் ஒன்றுசேர்ந்தது. இத்தனை காலத்திலும் அந்நிய அரசின் ஆணை சமவெளியில் செல்லுபடியானதைப்போல் ஸ்பாகியாவில் ஒரு நாளும் செல்லுபடியானதில்லை. அதற்குக் காரணம் என்ன? ஸ்பாகியர்களைக் கேட்டால் 'எங்கள் வீரம்' என்பார்கள். நாங்கள் நால்வர் அந்தப் பிரதேசத்தில் நான்கு நாள் கால்நடையாகத் திரிந்தோம். எங்கள் முழங்கால்களைக் கேட்டால், 'அங்கே உள்ள பாதைகள்தான் காரணம்' என்று அவை சந்தேகமின்றிச் சாட்சி சொல்லும்.

அந்தப் பாதைகளுக்குக் 'கல்தெரிமி' என்று பெயர். துருக்கி மொழியிலிருந்து வந்த சொல் என்பார்கள். ஆட்சியைத் துரத்தியவர்கள் சொல்லை மாத்திரம் வைத்துக்கொண்டார்கள் போலும்! கோவேறு கழுதை ஒன்று சுமையுடன் ஏறுவதற்கு எவ்வளவு அகலம் வேண்டுமோ அவ்வளவே அகலம். சாந்து கிடையாது, சுண்ணாம்பு கிடையாது. மலையில் கிடைத்த கல்லைக் குத்துக்கல்லாக நிறுத்தி, ஒன்றுக்கொன்று இறுக்கி, மழைத்தண்ணீர் அரித்துப் போகாதபடி வரிசை வரிசையாகப் பதித்திருக்கிறார்கள். மலைச் சரிவில் பாம்பு ஊர்ந்ததைப்போல் வளைந்து வளைந்து செல்லும். இவற்றில் பலவற்றை இப்போது ஐரோப்பிய நெடும் பாதை ஒன்றுடன் சேர்த்து, மஞ்சளும் கறுப்புமாக அடையாளம் தீட்டியிருக்கிறார்கள். ஆனால், உல்லாசமாக நடப்பவர்களுக்காகப் போட்ட பாதைகள் அல்ல இவை. ஆடு ஓட்டவும், தேவாலயத்துக்குப் போகவும், பெண் கொடுக்கவும், பிணம் தூக்கவும், எதிரி வந்தால் ஓடி ஒளியவும் ஏற்பட்டவை.

மரப்படியும் இரும்புக் கதவும்

எங்கள் யாத்திரை ஒமாலோஸ் என்னும் பீடபூமியில் ஆரம்பமாயிற்று. வடகரையிலுள்ள ஹானியா நகரத்திலிருந்து விடியுமுன் புறப்பட்ட பஸ், வளைந்து வளைந்து ஏறி, சுமார் 3,500 அடி உயரத்தில் எங்களை இறக்கிவிட்டது. ஒமாலோஸ் என்றால் சமதளம் என்று அர்த்தம். சுற்றிலும் மலைகள் நிற்க, நடுவில் தாம்பாளம் போன்ற வெளி. அந்தத் தாம்பாளத்தின் தெற்கு விளிம்பில் பூமி திடீரென்று பிளந்து கீழே போகிறது. எதிரே கிங்கிலோஸ் சிகரம் ஒரே பாறைச் சுவராக எழும்பி நிற்கிறது. இங்கிருந்து 10 மைல் தூரம் கடலை நோக்கிச் செல்லும் பிளவுதான் சமாரியாப் பள்ளத்தாக்கு.

இறங்கும் இடத்துக்கு ஸிலோஸ்காலோ, அதாவது 'மரப்படி' என்று பெயர். முற்காலத்தில் மரக்கட்டைகளை அடுக்கிப் படி அமைத்திருந்தார்களாம். இப்போது கல் பாதையும் மரக் கைப்பிடியும் இருக்கின்றன. முதல் ஒன்றரை மைலுக்குள் 2,000 அடிக்குமேல் இறங்கிவிடுகிறோம். ஏறுவதைவிட இறங்குவது சுலபம் என்று நினைப்பவர்கள் ஒரு தடவை இங்கே வந்து போகலாம். எங்கள் கோஷ்டியில் ஒருவர், 'சுவர்க்கத்துக்குப் போகும் வழிதான் கடினம், நரகத்துக்கு வழி சுலபம் என்று சொன்னவன் இங்கே நடந்து பார்த்ததில்லை' என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

ஆனால் இடமோ நரகமல்ல. பைன் மரங்களும் பழைய ஸைப்ரஸ் மரங்களும் பாறை இடுக்குகளில் வேர் ஊன்றி நிற்கின்றன. ஆங்காங்கே கல் தொட்டியில் ஊற்றுத் தண்ணீர் விழுகிறது. நண்பகலுக்குச் சற்று முன்னால் சமாரியா என்னும் கிராமத்தை அடைந்தோம். கிராமம் என்று சொல்லுகிறோமே ஒழிய, அங்கே குடியிருப்பவர் எவரும் இல்லை. இந்தப் பள்ளத்தாக்கை 1962-ல் தேசியப் பூங்காவாக்கினார்கள். கிரி-கிரி என்னும் காட்டு ஆடு அழிந்துபோகும் நிலையில் இருந்தது. அதைக் காப்பாற்ற வேண்டுமென்பது ஒரு நோக்கம். அதற்காகக் கிராமத்து ஜனங்களை வெளியேற்றினார்கள். ஆடுகள் பிழைத்தன. நாங்கள் இளைப்பாறிய இடத்தில் ஒரு கிரி-கிரி சற்றும் பயமின்றி வந்து எங்கள் ரொட்டிப் பையை முகர்ந்து பார்த்தது. வீட்டுக்குரியவர்கள் போய்விட்ட வீட்டில் அதுதான் எஜமானன். கிராமத்தின் பெயருக்குக் காரணமான புனித மரியாளின் சின்னஞ்சிறு கோயில் 1379-ஆம் வருஷத்தியது. அது இன்னும் நிற்கிறது.

கிராமத்துக்கு அப்பால் மலைச் சுவர்கள் நெருங்கிக்கொண்டே வருகின்றன. ஒரு இடத்தில் இரண்டு பக்கமும் சுமார் ஆயிரம் அடி உயரமுள்ள பாறைகள். நடுவே 13 அடிகூட இல்லாத இடைவெளி. அதில் காலடியில் ஓடும் ஓடை. இதற்கு 'இரும்புக் கதவு' என்று பெயர். அண்ணாந்து பார்த்தால் ஆகாயம் ஒரு நாடாவைப்போல் தெரிகிறது. கையை நீட்டி ஈரமான பாறையைத் தொட்டபோது இந்தப் பெயரின் பொருத்தம் எங்களுக்கு விளங்கிற்று. துருக்கியருக்கு எதிராக எழுந்த புரட்சிகளில் பெண்களையும் குழந்தைகளையும் இந்தப் பள்ளத்தாக்குக்குள் அனுப்பிவிட்டு, ஆண்கள் வாசலைக் காத்து நிற்பார்களாம். பீரங்கியும் குதிரைப் படையும் இதற்குள் எப்படி நுழையும்? சில துப்பாக்கிகளும் கொஞ்சம் தைரியமும் இருந்தால் ஒரு சேனையை இங்கே தடுத்துவிடலாம்.

மாலையில் அயியா ருமேலி என்ற கடற்கரைக் குடியிருப்பை அடைந்தோம். அங்கே வருவதற்கு மோட்டார்ச் சாலை கிடையாது. காலால் நடந்து வரவேண்டும். அல்லது படகில் வரவேண்டும். பள்ளத்தாக்கில் கால் சுளுக்கிக்கொண்டவர்களையும் கோவேறு கழுதையின் மீது ஏற்றித்தான் கொண்டுவருகிறார்கள். 1941-ஆம் வருஷம் மே மாதத்தில், ஜெர்மானியப் படை ஆகாயத்திலிருந்து குதித்துத் தீவைத் தாக்கியபோது, கிரீஸ் மன்னர் இரண்டாம் ஜார்ஜ் வெள்ளை மலைகளைக் கால்நடையாகக் கடந்து இதே ஊருக்கு வந்துதான் கப்பலேறி எகிப்துக்குப் போனார். மலைப் பாதைக்கு ராஜா, பிரஜை என்ற பேதம் ஏது? அவருடைய கால்களும் எங்கள் கால்களைப்போலத்தான் வலித்திருக்கும்.

அந்நியனும் விருந்தும்

மறுநாள் கிழக்கு நோக்கிக் கடலோரமாக நடந்தோம். ஒன்றரை மணி நேரத்தில் அயியோஸ் பாவ்லோஸ் என்ற சிறு கோயில் வந்தது. கடற்கரைக் கற்களைக் கொண்டே, சிலுவை வடிவில், அலைக்கு எட்டும் தூரத்தில் அதைக் கட்டியிருக்கிறார்கள். ஏசுநாதரின் சீடர் பரம்பரையில் வந்த பவுல் அடிகளின் பெயரால் எழுந்த கோயில். அவரைக் கைதியாக ரோமாபுரிக்கு ஏற்றிச் சென்ற கப்பல், பனிக்காலத்தைக் கழிக்க இக்கரையில் உள்ள ஒரு துறைமுகத்தை நாடியதென்றும், காற்று அதைத் திசைமாற்றி அடித்துக்கொண்டு போயிற்றென்றும் விவிலியம் கூறுகிறது.

கோயிலைத் தாண்டியதும் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று கடலோரமாகவே போகிறது. மற்றொன்று மலைமீது ஏறுகிறது. நாங்கள் இரண்டாவதைப் பிடித்தோம். செலூதா என்னும் அந்தக் கல்தெரிமி, பைன் மரக் காட்டின் வழியாக 2,000 அடிக்குமேல் ஏறி, மேலே அயியோஸ் யானிஸ் என்னும் கிராமத்தில் கொண்டு விடுகிறது. வளைவு வளைவாக ஏறினோம். எத்தனை வளைவு என்று எண்ண ஆரம்பித்து, மூச்சு வாங்கியதில் கணக்குத் தவறிவிட்டது. நிமிர்ந்து பார்த்தால் பாறை. திரும்பிப் பார்த்தால் நேர் கீழே நீலக் கடல். இந்தப் பாதையில் ஒரு கல்லைப் பதிக்க ஒருவன் எந்த இடத்தில் நின்றிருப்பான் என்று யோசித்தபோது தலை சுற்றிற்று. ஓரிடத்தில் மட்டும் பாதை சரிந்துபோயிருந்தது. வண்டிச் சாலை வந்துவிட்ட ஊர்களில் பழைய கல்தெரிமியைச் செப்பனிட ஆள் இல்லை. ஒரு மழைக்கு ஒரு கல் பெயர்ந்தால், அடுத்த மழைக்குப் பத்துக் கல் பெயர்ந்துவிடும்.

கிராமத்தின் முதல் வீட்டு வாயிலில் கறுப்பு உடை தரித்த ஒரு மூதாட்டி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் ஒரு வார்த்தையும் கேட்காமல் உள்ளே போனாள். பெஞ்சு வந்தது, தண்ணீர் வந்தது. பிறகு, இருமுறை சுட்டுக் கல்லாக்கிய வாற்கோதுமை ரொட்டி, மிஸித்ரா என்னும் வெள்ளைப் பாலாடைக்கட்டி, தேன், எல்லாம் வந்தன. கடைசியில், திராட்சைச் சக்கையிலிருந்து வடித்த சாராயத்தைச் சின்னஞ்சிறு கண்ணாடிக் கிண்ணங்களில் ஊற்றினாள். இங்கேதான் சங்கடம் நேர்ந்தது. மதுவிலக்கில் நம்பிக்கையுள்ள எங்கள் கோஷ்டி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது. எங்களில் கொஞ்சம் கிரேக்கம் தெரிந்தவர், "பாட்டி! எங்கள் தேசத்தில் நாங்கள் இதைத் தொடுவதில்லை. மன்னிக்க வேண்டும்" என்றார். பாட்டி எங்களை மிகுந்த இரக்கத்தோடு பார்த்தாள். "பிள்ளைகளே! அப்படியானால் மலை ஏறுவதற்கு உங்களுக்குப் பலம் எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டுவிட்டு, மலோதீரா என்னும் மலைமூலிகையைக் கொதிக்க வைத்துத் தேன் விட்டுக் கொடுத்தாள்.

புறப்படும்போது பணம் கொடுக்க முயன்றோம். பாட்டியின் முகம் மாறிவிட்டது. நண்பர் பணத்தை அவசரமாக உள்ளே வைத்துக்கொண்டார். கிரேக்க மொழியில் 'க்ஸெனோஸ்' என்ற சொல்லுக்கு அந்நியன் என்றும் பொருள். விருந்தாளி என்றும் பொருள். இதைக் கேட்டபோது எங்களுக்கு நம்முடைய தமிழ் ஞாபகம் வந்தது. 'விருந்து' என்ற சொல்லுக்கும் புதுமை என்பதுதானே பழைய பொருள்? முன்பின் அறியாத புதியவன் எவனோ அவனே விருந்து. சமுத்திரங்களுக்கு அப்பால் இருக்கும் இரண்டு ஜாதியார் ஒரே எண்ணத்தை வெவ்வேறு சொல்லில் அடைத்து வைத்திருக்கிறார்கள்.

ஓர் ஆட்டு மணி

அயியோஸ் யானிஸ் கிராமத்திலிருந்து கிழக்கே ஒரு மணி நேரம் நடந்ததும் அராதேனா வந்தது. இந்த ஊரை மறக்க எங்களால் முடியாது.

ஊரின் விளிம்பில் சுமார் 450 அடி ஆழமுள்ள ஒரு பள்ளத்தாக்கு. இப்புறச் சுவரில் வளைந்து வளைந்து இறங்கி, அப்புறச் சுவரில் வளைந்து வளைந்து ஏறும் கல்தெரிமி ஒன்றுதான் பன்னெடுங்காலம் வழியாக இருந்தது. 1986-ல் இப்பக்கத்தைப் பூர்விகமாகக் கொண்ட ஒரு தனவந்தக் குடும்பம் இரும்புப் பாலம் போட்டுக் கொடுத்தது. பாலத்தின் மரப்பலகைகள்மீது வண்டி போகும்போது இடி இடிப்பதைப்போல் சப்தம் எழுகிறது. நாங்கள் பாலத்தில் போகவில்லை. பழைய பாதையிலேயே இறங்கி ஏறினோம். ஒரு மணி நேரம் பிடித்தது. பாலத்தில் இரண்டு நிமிஷம் பிடித்திருக்கும்.

பள்ளத்தாக்கில் இறங்குவதற்கு முன் ஊருக்குள் நடந்தோம். பழைய வீடுகள் கூரையிழந்து நின்றன. அத்தி மரங்கள் ஜன்னல் வழியே தலையை நீட்டின. மாவு அரைத்த கல் ஒன்று திண்ணையோரத்தில் கிடந்தது. பிரதான தேவதூதரான மிக்கேலின் கோயில் மட்டும் தன் அழகிய கூம்புக் குவிமாடத்துடன் பள்ளத்தாக்கின் விளிம்பில் முழுமையாக நின்றது. இந்த ஊரை அழித்தவர்கள் யார்? வெனிஸ் நகரத்தாரா? துருக்கியரா? ஜெர்மானியரா? ஒருவரும் இல்லை.

இரண்டாவது உலக யுத்தம் முடிந்த பிறகு, ஓர் ஆட்டின் கழுத்து மணியைப் பற்றி இரண்டு குடும்பத்தாருக்குள் தகராறு உண்டாயிற்று என்று சொல்கிறார்கள். வார்த்தை முற்றியது, துப்பாக்கி வந்தது. ஓர் உயிருக்கு ஓர் உயிர், அதற்கு ஓர் உயிர் என்று பழிக்குப் பழி வளர்ந்தது. கடைசியில் எஞ்சியவர்கள் ஒருவருக்கொருவர் அஞ்சி ஊரையே விட்டுப் போய்விட்டார்கள். பாலத்தருகே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் இதைப் பற்றி விசாரித்தோம். அவர் தம்முடைய வளைந்த கைத்தடியால் தரையைத் தட்டிக்கொண்டு சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நல்ல ஊர். நல்ல தண்ணீர்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஆடுகளின் பின்னால் போனார்.

நூற்றாண்டுக் கணக்கில் எதிரியை உள்ளே விடாத பாறை இது. யாருக்கும் தலை வணங்காத குணந்தான் இவர்களைக் காப்பாற்றிற்று. அதே குணம், எதிரி போன பிறகு பக்கத்து வீட்டுக்காரனிடமும் தலை வணங்க மறுத்தது. சுதந்திரத்தைச் சம்பாதிக்க ஒரு வகை உறுதி வேண்டும். சம்பாதித்ததை வைத்துக்கொண்டு வாழ வேறொரு வகை உறுதி வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றிற்று.

வாத்தியார் ஜான்

பள்ளத்தாக்கின் எதிர்க்கரையில் ஏறி நடந்தால் அனோபோலி. கடலுக்கு மேல் சுமார் 2,000 அடி உயரத்தில், ஆலிவ் மரங்களும் தானிய வயல்களும் உள்ள சிறு சமவெளி. ஊரின் நடுவே ஒரு சிலை நிற்கிறது. அதுதான் தஸ்கலோயானிஸ்; அதாவது, 'வாத்தியார் ஜான்'. அவருடைய உண்மைப் பெயர் யானிஸ் விளாஹோஸ். கப்பல்களுக்குச் சொந்தக்காரர், செல்வந்தர், கல்வி கற்றவராகையால் வாத்தியார் என்று அழைத்தார்கள்.

1770-ல் துருக்கிய சுல்தானுக்கு எதிராக எழுந்தால் ருஷ்யக் கப்பற்படை உதவிக்கு வரும் என்ற வாக்குறுதியை நம்பி, அவர் ஸ்பாகியர்களைத் திரட்டிப் புரட்சிக் கொடி உயர்த்தினார். ஸ்பாகியர்கள் எழுந்தார்கள். கப்பல்கள் வரவில்லை. பெருஞ்சேனை ஸ்பாகியாவுக்குள் புகுந்து ஊர்களைக் கொளுத்திற்று. ஜனங்களின் துன்பம் தீரட்டுமென்று வாத்தியார் தாமாகவே போய்ச் சரணடைந்தார். 1771-ஆம் வருஷம் ஜூன் 17-ஆம் தேதி ஹெராக்லியான் நகரில் அவரை உயிருடன் தோலுரித்துக் கொன்றார்கள். அந்நியனை விரட்ட மற்றோர் அந்நியனுடைய கப்பலை எதிர்பார்த்து நிற்பதன் பலனை அறிய இதைவிடக் கொடிய பாடம் சரித்திரத்தில் அதிகம் இராது.

அன்றிரவு அனோபோலியில் தங்கி, மறுநாள் காலையில் லுத்ரோ என்னும் துறைமுகத்துக்கு இறங்கினோம். மேலேயிருந்து பார்க்கும்போது, பிறை வடிவக் குடாவைச் சுற்றி வெள்ளை வீடுகள், சோழிகளைப் பரப்பியதுபோல் தெரிகின்றன. பவுல் அடிகளின் கப்பல் நாடிய துறைமுகம் இதுவே என்று கூறுகிறார்கள். இங்கேயும் மோட்டார் வர வழியில்லை. வந்து சேர்ந்ததும் முதலில் எங்கள் காதுக்கு எட்டியது மௌனந்தான். ஹாரன் சப்தமில்லாத ஓர் ஊர் இந்தக் காலத்தில் இருக்கிறது என்பதை நேரில் கேட்டாலன்றி நம்ப மாட்டீர்கள்.

உப்புக் கடலில் நல்ல தண்ணீர்

நான்காம் நாள், லுத்ரோவிலிருந்து ஸ்பாகியாவின் தலைமை ஊரான ஹோரா ஸ்பாகியோனுக்குக் கடலோரப் பாறைகள் மேல் நடந்தோம். நிழல் என்பது மருந்துக்கும் இல்லை. கொண்டுவந்த தண்ணீர் தீர்ந்துவிட்டது. எங்களில் ஒருவருடைய பூட்ஸின் அடித்தோல் வாயைப் பிளந்துகொண்டது. கயிற்றால் கட்டிக்கொண்டு நொண்டினார். அந்த நிலையில், செங்குத்தான பாறைச் சுவரின் அடியில் கூழாங்கல் நிறைந்த ஒரு கடற்கரை வந்தது. அதன் பெயர் 'இனிய தண்ணீர்'. கூழாங்கற்களைக் கையால் விலக்கினோம். ஒரு முழத்துக்குள் தண்ணீர் ஊறிற்று. குடித்தால் பல் கூசும் குளிர்ச்சி, கொஞ்சமும் உப்பில்லை! கடலலையோ நாலடி தூரத்தில் புரண்டுகொண்டிருந்தது.

இதில் மாயம் ஒன்றுமில்லை. வெள்ளை மலைகளில் பெய்யும் மழையும் உருகும் பனியும் மேலே ஆறாக ஓடுவதில்லை. சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளில் இறங்கி, மலைக்குள்ளேயே வழி கண்டுபிடித்துக்கொண்டு வந்து, கடல் மட்டத்தில் வெளிப்படுகிறது. மலைமேல் வறட்சி, மலையடியில் ஊற்று.

பிற்பகல் ஹோரா ஸ்பாகியோன் துறையை அடைந்தோம். 1941-ல் மே 20-ஆம் தேதி தொடங்கிய கிரீட் யுத்தத்தில் தோல்வியுற்ற பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, நியூஸிலாந்துச் சிப்பாய்கள் வடகரையிலிருந்து மலையைக் கடந்து இந்தச் சிறு துறைக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். அப்போது சாலை கடல் வரையில் வரவில்லை, மலையுச்சியிலேயே நின்றுவிட்டது. மிச்ச தூரத்தை ஆட்டுப் பாதையில் இறங்கினார்கள். மே 28-ஆம் தேதி இரவு முதல் ஜூன் 1-ஆம் தேதி விடியற்காலை வரையில், இருட்டிலேயே கப்பல்கள் வந்து பதினாயிரம் பேருக்கு மேல் ஏற்றிச் சென்றன. இடம் கிடைக்காமல் நின்ற ஆயிரக்கணக்கானவர்கள் சிறைப்பட்டார்கள். சிலர் தப்பி மீண்டும் மலைக்குள் ஓடினார்கள். அவர்களை ஒளித்து வைத்துச் சோறு போட்டவர்கள் நாங்கள் கண்ட பாட்டியைப் போன்றவர்கள்தான். கண்டுபிடிக்கப்பட்டால் வீடு கொளுத்தப்படும், வீட்டிலுள்ளவர்கள் சுடப்படுவார்கள். கந்தானோஸ் என்ற ஊரை ஜெர்மானியர் 1941 ஜூன் 3-ஆம் தேதி தரைமட்டமாக்கியிருந்தார்கள். அதைத் தெரிந்துகொண்டுதான் இந்த ஜனங்கள் கதவைத் திறந்தார்கள்.

கல்லறைக் காவலர்

பஸ்ஸில் வடகரைக்குத் திரும்பியதும், ஹானியாவுக்கு மேற்கேயுள்ள மாலெமே என்ற இடத்துக்குப் போனோம். நடந்து பார்த்த பாதைகளில் ஓடிய ஒரு மனிதரின் கதையை முடிவு வரை தெரிந்துகொள்ள அங்கேதான் போகவேண்டியிருந்தது.

ஜார்ஜ் ப்சிகுந்தாகிஸ் 1920-ல் பிறந்த ஓர் ஏழை இடையர். ஜெர்மானிய ஆதிக்கத்தின்போது, மலையில் மறைந்திருந்த எதிர்ப்புப் படையினருக்கும் ரகசிய ரேடியோ நிலையங்களுக்கும் இடையே கடிதம் சுமந்து ஓடுவதே அவர் வேலை. இரவில், பனியில், கிழிந்த செருப்புடன் இந்தக் கல் வழிகளில் ஓடினார். யுத்தம் முடிந்ததும், தஸ்தாவேஜுக் குழப்பத்தால் படையை விட்டு ஓடியவர் என்று சிறையில் அடைத்தார்கள்! பிறகு மலைச் சாலை போடும் கூலியாளாக வேலை பார்த்தார். தம்முடைய அநுபவத்தையும் எழுதினார். அது 'கிரீட்டின் ஓட்டக்காரன்' என்ற பொருள்படும் பெயருடன் 1955-ல் ஆங்கிலத்தில் வெளியாயிற்று. அதிகம் படிக்காத அந்த இடையர், ஹோமரின் இரண்டு மகா காவியங்களையும் கிரீட் நாட்டுப் பேச்சுமொழியில் பெயர்த்திருக்கிறார்.

மாலெமேயில், குன்றின் சரிவில், கிரீட் யுத்தத்தில் மாண்ட நாலாயிரத்துக்கு மேற்பட்ட ஜெர்மானியச் சிப்பாய்களின் கல்லறைகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. பெரும்பாலும் இருபது வயதுப் பிள்ளைகள். இந்தக் கல்லறைகளைப் பெருக்கி, செடிக்குத் தண்ணீர் விட்டுப் பல வருஷங்கள் பாதுகாத்தவர் யார் தெரியுமா? அந்த ப்சிகுந்தாகிஸ்தான்! எவர்களுடைய கண்ணில் படாமல் இரவிரவாக ஓடினாரோ, அவர்களுடைய கல்லறைக்குக் காவலராக இருந்துவிட்டு, 2006-ல் காலமானார்.

நாங்கள் வெகு நேரம் அந்தக் குன்றில் உட்கார்ந்திருந்தோம். கீழே கடல், பின்னால், மாலை வெயிலில் வெள்ளை மலைகள். ஓர் ஆட்டு மணிக்காக ஊரை இழந்தவர்களும் அந்த மலையில் பிறந்தவர்கள். எதிரியின் கல்லறைக்குத் தண்ணீர் விட்டவரும் அந்த மலையில் பிறந்தவர். இருவரும் நடந்தது ஒரே கல் வழிதான். பழியை மறவாத நெஞ்சு அராதேனாவில் கொண்டு விடுகிறது. பழியைக் கடந்த நெஞ்சு மாலெமேயில் கொண்டு விடுகிறது. விடுதலை பெற்ற தேசத்தார் எவராயினும் இந்த இரண்டு ஊர்களையும் ஒரு தடவை பார்த்துவிட்டு வருவது நல்லது.

போகிறவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம். செலூதாவில் பாதை சரிந்த இடத்தில், முன்னால் போனவர்கள் யாரோ நாலைந்து கற்களை எடுத்துத் திரும்பவும் அடுக்கி வைத்திருந்தார்கள். நாங்களும் ஆளுக்கு ஒரு கல் எடுத்து வைத்துவிட்டு வந்தோம். கல்தெரிமி இத்தனை காலம் நிலைத்தது அப்படித்தான்.